மணல்மேட்டு மணி

கடற்கரைக்கு விடுமுறையில் வருகிறவர்கள் கோல்ஃப் ஆட வேண்டுமென்றால் சுற்றுவட்டாரத்தில் மூன்று மைதானங்கள் இருக்கின்றன. என்னைக் கேட்டால் எங்களுடையதுதான் நல்லது என்பேன். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பது, வெட்டிவிட்ட குளங்களும் பிளாஸ்டிக் வாத்துகளுமாகப் பிறந்தநாள் கேக் மாதிரி இருக்கும். அங்கே பந்து அடிப்பதைவிடப் படம் எடுப்பதுதான் அதிகம். குன்றின் மேல் இருப்பது பணக்காரர்களுக்கானது. யாரும் நடப்பதில்லை. சின்ன வண்டியில் ஏறிப்போய்ப் பந்துக்குப் பக்கத்தில் இறங்கி, ஒரு அடி அடித்துவிட்டு மறுபடி ஏறிக்கொண்டு, உடற்பயிற்சி செய்ததாக வீட்டில் சொல்லிக்கொள்வார்கள். எங்களுடையது கடலை ஒட்டிய மணல்மேடுகளுக்கு நடுவில் இருக்கிறது. காற்று உண்டு, உப்பு உண்டு, மணி உண்டு.

அந்த மணியைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு சொல் தவறு. அதைத் திருத்தத்தான் கூப்பிடாமலே ஸ்டேஷனுக்கு வந்தேன். இன்று கேஸ் கோப்பை மூடப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். மூடுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள், ஐயா. நிதானமாகவே சொல்கிறேன், டைப் அடிக்க வசதியாக இருக்கும்.

முதலில் இடம். ஏழாவது குழிக்கு அடிக்கிறவருக்கு எதிரே ஒரு மணல்மேடு மறைத்துக்கொண்டு நிற்கும். குழியும் கொடியும் மேட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு பள்ளத்தில். கண்ணைத் திறந்துகொண்டு அடித்தாலும் மூடிக்கொண்டு அடித்தாலும் ஒன்றுதான். முன்னால் போனவர்கள் ஆடி முடித்து விலகியதும் மணி அடிக்க வேண்டும். மணி கேட்ட பிறகுதான் பின்னால் வருகிறவர் பந்தை அடிக்கலாம். விடுமுறைக்கு வருகிறவர்கள் பெற்ற பிள்ளையையே ஓட்டலில் மறந்துவிட்டு வருகிற ஆட்கள், மணியையா ஞாபகம் வைப்பார்கள்? அதனால் மேட்டின் மேல் ஒரு நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். இரண்டு பக்கமும் தெரிவது எனக்கு ஒருவனுக்குத்தான்.

உட்கார வைத்தவர் என் மச்சான். மனைவியின் அண்ணன், மைதானத்தின் மேனேஜர். கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் அவரே மருந்து வாங்கி வருவார். வாங்கி வந்ததை ஊர் முழுக்கச் சொல்லவும் செய்வார். விருந்தினர்களை மேட்டுப் பக்கம் அழைத்து வரும்போதெல்லாம் என்னைக் காட்டி ஒரு வேடிக்கை உண்டு.

"இவரு நம்ம மாப்பிள்ளை. பாத்தா பெரிய ஆபீசர் மாதிரி இருக்காருல்ல? லீவு லெட்டர் எழுதினாக்கூட பொருள், பார்வைன்னு போட்டுத்தான் ஆரம்பிப்பாரு. கடைசியில பாத்தா தலைவலின்னு ஒரு வரி இருக்கும்."

சிரிப்பார்கள். கட்டம் போட்ட கால்சட்டைக்காரர்களுக்குச் சிரிக்கப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை.

பல் டாக்டர் முதன்முதலாக வந்த அன்று மச்சான் கொஞ்சம் கூடுதலாகப் பேசினார். டாக்டர் ஓய்வு பெற்றவர், தனியாக ஆடுகிறவர். "இவ்வளவு வெயில்ல உக்காந்து கவனமா பாத்துக்கிட்டே இருக்கறது கஷ்டம்தான், இல்லையா?" என்று என்னைத்தான் கேட்டார். பதில் சொன்னவர் மச்சான்.

"கவனமா? நீங்க வேற, டாக்டர். இதுக்கு மூளையும் வேணாம், கவனமும் வேணாம். தூங்கிக்கிட்டே அடிக்கலாம். என்ன மாப்பிள்ளை?"

"ஆமாம் மச்சான்," என்றேன்.

அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவன் நான் இல்லை. அன்றிலிருந்து இன்னும் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தேன், அவ்வளவுதான்.

மச்சானுக்கு ஒரு பழக்கம். விருந்தினர்களோடு ஆடும்போது பந்து குழிக்குள் விழாமல் போனால், "காத்து, என்ன பண்றது" என்று சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார். அவர்களை அடுத்த இடத்துக்கு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் திரும்பி வந்து, அதே பந்தை அதே இடத்தில் வைத்து, விழுகிறவரை உருட்டிப் பார்ப்பார். இந்த வயதில், யாருக்கும் தெரியாமல். எனக்குத் தெரியும். அவர் முடிக்கும்வரை மணி அடிக்காமல் எத்தனையோ நாள் பொறுத்திருக்கிறேன். என் கவனத்தில்தான் அவர் தலை தப்பிக்கொண்டிருந்தது என்பது அவருக்குக் கடைசிவரை தோன்றவே இல்லை.

டாக்டரையும் கவனித்தேன். மற்றவர்கள் அடித்த பந்து எங்கே போகும் என்று அந்தப் பந்துக்கே தெரியாது. கடலுக்குப் போகும், கழிவறைக் கூரைக்குப் போகும். டாக்டருடையது பல் பிடுங்கிப் பழகிய கை. காற்று இல்லாத நாளில் அவர் அடித்தால் கொடிக்குப் பக்கத்தில்தான் விழும்.

முன்பு நடந்த இரண்டையும் கோப்பில் சேர்த்திருக்கிறீர்கள். மச்சான் பள்ளத்தில் இருக்கும்போதே மணி அடித்துவிட்டேன், டாக்டரின் பந்து பக்கத்து மணலில் வந்து புதைந்தது என்று. இரண்டு தடவையும் அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மேட்டைப் பார்த்துக் கத்தினார்.

"மாப்பிள்ளை, கண்ணை எங்க அடகு வச்சீங்க?"

வாங்கிக்கொண்டேன். முதல் தடவை காற்று இருந்தது. இரண்டாம் தடவை அவர் குழியை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றார். வயதாகிவிட்டது, கவனம் தப்புகிறது என்று மைதானமே பேசிக்கொண்டது. நீங்களும் அதை அப்படியே வாங்கி எழுதிக்கொண்டீர்கள்.

மூன்றாம் தடவை கொடி அசையவில்லை. விருந்தினர்கள் புதருக்கு அப்பால் மறைந்தார்கள். மச்சான் திரும்பி வந்து பந்தை உருட்டினார். விழவில்லை. மறுபடி வைத்தார். வியர்வை துடைக்கத் தொப்பியைக் கழற்றிப் புல்லில் போட்டார். இந்தப் பக்கம் டாக்டர் மட்டையோடு காத்திருந்தார். நான் மணி அடித்தேன்.

மணி கேட்டால் பள்ளத்தில் இருப்பவர் ஓட வேண்டும். யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். மச்சான் ஓடவில்லை. கொடிக்குப் பக்கத்திலேயே நின்று, இடுப்பில் கை வைத்து, என்னைப் பார்த்துத் திட்ட வாயெடுத்தார். என்னைத் திட்டுவதென்றால் அவர் அசையாமல் நின்றுதான் திட்டுவார். அதுவும் நான் கவனித்து வைத்திருந்ததுதான்.

எச்சரித்துக் கத்தினாயா என்று கேட்டீர்கள். பந்து தப்பான திசையில் போனால்தான் கத்த வேண்டும், அதுதான் விதி. அது சரியாகத்தான் போனது.

டாக்டர் மூச்சிரைக்க ஓடி வந்தார். பள்ளத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். மட்டையெல்லாம் கடலில் எறிந்துவிட்டாராம், ஓட்டல் அறையை விட்டு வெளியே வருவதில்லையாம். பாவம். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

இதையெல்லாம் நான் சொல்லாமலே இருந்திருக்கலாம். கவனக்குறைவு என்று நீங்கள் எழுதியபடி விட்டால் வேலை போகும், அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் நேற்று, அழுது வீங்கிய முகத்தோடு என் மனைவி எனக்குத் தட்டு வைத்தாள்.

"நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க? வயசாயிடுச்சு, கவனம் தப்பிடுச்சு. அண்ணன் இருந்தா அவரே உங்களை மன்னிச்சிருப்பாரு. சாப்பிடுங்க."

ஒரு வாய் இறங்கவில்லை, ஐயா. இத்தனை வருஷம் கூடவே இருந்தவள். அவளும் அவள் அண்ணன் பேசியதையே பேசுகிறாள்.

ஆகவே அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் உங்களுக்கு எது சரியென்று படுகிறதோ அதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அன்றைக்கு நான் கவனக்குறைவாக மணி அடித்திருந்தால், என் மச்சான் இந்நேரம் உயிரோடு நின்று என்னைத் திட்டிக்கொண்டிருப்பார்.