அக்கா போடச் சொன்ன நாற்காலி

என் பெயரும் முகவரியும் மேலே எழுதியுள்ளபடி சரி. வயது நாற்பத்தொன்று. படுக்கையில் கிடக்கும் நோயாளிகளைத் துடைத்து, திருப்பிப் படுக்கவைத்துப் பார்த்துக்கொள்வது என் வேலை.

பிரபல பாடகரின் மனைவிக்கு முதுகெலும்பில் புற்றுநோய் வந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போன பிறகு, அவர்கள் வீட்டில் பதினான்கு மாதம் இருந்தேன். அங்கே வேலையாட்கள் உட்காரக் கூடாது. மூன்றாம் நாள் அந்த அக்கா, "தூண் மாதிரி நிக்காதடி. எனக்குத்தான் கால் இருக்கறதே தெரியலை, உன் கால் வலியையும் நானே படணுமா?" என்று கூறி, சமையலறையிலிருந்து ஒரு மர நாற்காலியைக் கொண்டுவரச் செய்தார். அதன் பின் அதில்தான் உட்கார்ந்தேன். நாற்காலியின் ஒரு கால் ஆடியதால் அதற்குப் பிளாஸ்திரி சுற்றினேன்.

பாடகர் வாசற்படியில் நின்று விசாரித்துவிட்டுப் போவார். கடைசி வாரம் பத்திரிகைக்காரர்களோடு வந்து, என்னை வெளியே அனுப்பிவிட்டு, அந்த நாற்காலியில் அமர்ந்து அக்காவின் கையைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டார். அவர்கள் போனதும் அக்கா, "சூடு இருக்கும், தட்டிட்டு உட்காருடி" என்றார்.

அக்கா இறந்தது புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு. அந்த நாற்காலியில் நான் இருந்தேன். வேறு யாரும் இல்லை.

அதன் பின் பாடகர் அக்கா பெயரில் மருத்துவமனை கட்டினார். ஏழைகளுக்கு இலவசம், அதை நான் மறைக்கவில்லை. நானும் அங்கே சேர்ந்தேன். வார்டில் முப்பது கட்டில், எங்களுக்கு ஒரு நாற்காலிகூட இல்லை. உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் பெயரை எழுதிக்கொள்வார். கீழே நினைவு அறையில், கயிறு கட்டிய இடத்தில் அந்த நாற்காலி இருந்தது. 'மனைவியின் அருகே இரவும் பகலும் அவர் காத்திருந்த நாற்காலி' என்று பலகை. பிளாஸ்திரி அப்படியே இருந்தது.

சம்பவத்தன்று காலை, கால் உணர்வில்லாத ஒரு பெண் நோயாளி என் கையை விடவில்லை. இரண்டு மணி நேரம் நின்றேன். அவர் தூங்கியதும் கீழே போய் அந்த நாற்காலியைத் தூக்கிவந்தேன். படியில் காவலாளி, "கட்டெல்லாம் போட்டிருக்கே, இதையும் அட்மிட் பண்ணப் போறீங்களாக்கா?" என்று கேட்டார். நான் மறைக்கவில்லை. கட்டிலருகே போட்டு உட்கார்ந்தேன்.

மருத்துவமனை மேலாளர் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து, "தெரியாம எடுத்துட்டேன்னு ஒரு வரி சொல்லிடுங்க, கேஸும் இருக்காது, வேலையும் போகாது" என்றார். தெரிந்துதான் எடுத்தேன். அதில் யார் காத்திருந்தார் என்று சொல்லக்கூடிய இன்னொருவர் அக்காதான்; அவரை நீங்கள் விசாரிக்க முடியாது.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். 'திருடினேன்' என்றிருந்ததை 'எடுத்தேன்' என்று மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே உள்ளது, உண்மை. நின்றபடி கையெழுத்திடுகிறேன்.