வெள்ளிக்கெழம வரைக்கும் பழைய டாஸு

வேணாம்னா வேணாம் சார்! எத்தினி தபா சொல்றது? அந்த ஃபிளாப்பிய மொதல்ல பைக்குள்ள வைங்க. வெள்ளிக்கெழம எம்பொண்ணு கலைமணிக்கு நிச்சயதார்த்தம். அது முடியற வரைக்கும் இந்த கம்ப்யூட்டர் மெஷின்ல புது டாஸு ஏறக்கூடாது. அதுக்கப்புறம் நீங்க இன்னா வேணா பண்ணிக்கோங்க, நான் ஏன்னு கேக்க மாட்டேன். இன்னா அப்பிடி பாக்கறீங்க? நிச்சயத்துக்கும் மெஷினுக்கும் இன்னா சம்பந்தம்னா? கீது சார். அந்த மாப்ளைய புட்ச்சி குடுத்ததே இந்த மெஷின்தான்!

மேனேஜர் ரகுபதி சாரு உங்கள மெட்ராஸ்லேர்ந்து எதுக்கு வரச் சொன்னாரு? மெஷின் பழசு, இதுக்குப் புது டாஸு ஒத்துவருமா வராதா, பாத்து எழுதிக் குடுங்கன்னு தானே? 'ஒத்துவராது'ன்னு எழுதுங்க. ஒரே வார்த்த. எழுதிட்டு டீய குடிச்சிட்டு பஸ்ஸ புடிங்க. டாஸுன்னா இன்னான்னு எனக்குத் தெரியாதா? ஸ்விட்ச போட்டதும் மெஷின தட்டி எழுப்பி வேல வாங்கறது அதுதான். பழைய டாஸு மூணு வருசமா எழுப்புது. ஒரு நாளு மாட்டேன்னு சொன்னதில்ல. அத்த தூக்கிட்டு நேத்து பொறந்தத வெக்கணுமாம்... எதுக்கு சார்? எவனுக்கு இன்னா நோவுது?

டைம் ஆபீஸ் அப்பாவுன்னு பென்னலூர்ல கேளுங்க, ஒரகடத்துல கேளுங்க, சின்னப் புள்ள கூட சொல்லும். இந்த ஸ்பிரிங் கம்பெனில ஆளுங்க வந்தாங்களா வரலையான்னு மெஷின்ல ஏத்தறேனே, அதுக்காகவா? அதுக்கு எவன் மதிக்கிறான்! அர நாளு கட் பண்ணா அடிக்க வரான். ஜாதகம் சார், ஜாதகம். கம்ப்யூட்டர் ஜாதகம்! எம் மச்சான் மாம்பலத்துலேர்ந்து ஒரு ஃபிளாப்பி குடுத்தான். பொறந்த தேதியும் நேரமும் அடிச்சா போதும், பொண்ணுக்கும் மாப்ளைக்கும் பத்துக்கு எத்தினி பொருத்தம்னு கரகரன்னு பேப்பர்ல அடிச்சிக் குடுக்கும். சாப்பாட்டு நேரத்துல மட்டும் தான், கம்பெனி வேலைல கை வெக்க மாட்டேன். நாலு ஊரு சனம் தட்டுல பழம் வெத்தல வெச்சிக்கினு கேட்டாண்ட நிக்கும். வாட்ச்மேனுக்கே தெனம் தேங்கா மூடி கெடைச்சிது, ஆளு ஒரு சுத்து பெருத்துட்டான். இந்த ஏசி ரூம்புக்குள்ள செருப்ப கழட்டிட்டு வரணும்னு உங்க கம்ப்யூட்டர்காரங்க ரூல் போட்டாங்களே, அது இன்னா தோதா போச்சு தெரியுமா! சனம் கைகூப்பிக்கினே உள்ள வந்துச்சு.

மொதல்ல கொஞ்சம் பேஜாராத்தான் இருந்துது. நம்ம லேத்து ராஜாமணி கீறான், பரணி நட்சத்திரம்னு ஓலைல எழுதிக் கீது. மெஷின் இன்னாடான்னா பூசம்னு அடிக்குது. சண்டைக்கு வந்துட்டான். நான் உடலையே! ஏம்பா, ஓலை எழுதினவரு வயசானவரு, கண்ணு தெரியாம எழுதினாரோ இன்னாவோ, மெஷினுக்கு கண்ணு மங்குமான்னு கேட்டேன். இப்ப கோயில்ல அர்ச்சனைக்குக் கூட பூசம்னுதான் சொல்றான். அவன் ஒருத்தனா? ஸ்பிரிங் சுத்தற காயிலிங் செக்ஷன்ல பாதி பேரு நட்சத்திரத்த மாத்திக்கினாங்க சார். அவ்ளோ நம்பிக்கை!

எனக்கும் எங்கூட்டு கோவிந்தம்மாவுக்கும் போட்டுப் பாத்தேன். பத்துக்குப் பத்து! பேப்பர வூட்டுக்கு எடுத்துக்கினு போயி காட்டினேன். அவ பேப்பர பாத்தா, என்ன பாத்தா, திரும்பி அடுப்பாண்ட போயிட்டா. சரி அத்த வுடுங்க.

கலைமணிக்கு சிங்கப்பெருமாள் கோவில்லேர்ந்து ஒரு எடம் வந்துது. பையன் ரயில்வேல கீறான். போட்டேன், ஒம்போது பொருத்தம். ஒம்போது சார்! உடனே பேசி முடிச்சிட்டோம். இப்ப போன வாரம் புதுசா ஒரு பொண்ணு வேலைக்கு வந்துது, சுபஸ்ரீன்னு. கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணாம். வந்ததும் வராததுமா புது டாஸ ஃபிளாப்பில வெச்சி ஓட்டிக் காமிச்சுது. தேதி கீதி எல்லாம் நானே செட் பண்ணிட்டேன் சார், நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்னு சிரிச்சிது. நானும் கைய வெச்சிக்கினு சும்மா இருக்காம, எம்பொண்ணு ஜாதகத்த அதுல போட்டேன்... மூணு! அதே பொண்ணு, அதே மாப்ள, அதே மெஷின். ஒம்போது மூணாயிடுச்சி. ஃபிளாப்பிய வெளிய புடுங்கிட்டு நேரா மேனேஜராண்ட போயி, இதுக்கு கணக்கே வரல சார், சம்பளமெல்லாம் தப்பா போட்டுரும்னு சொன்னேன். அதுக்குத்தான் உங்கள வர வெச்சிக் கீறாரு. இப்ப புரியுதா? வெள்ளிக்கெழம மாப்ள வூட்டுக்காரங்க இருவது பேரு வராங்க. மூணு பொருத்தம்னு எவனுக்கனா தெரிஞ்சா நான் எங்க போய் மூஞ்ச வெச்சிக்கறது?

இன்னா கேட்டீங்க? பன்னண்டாந்தேதிக்கு மேல பொறந்தவங்களுக்கா?... அதெப்படி சார் உங்களுக்குத் தெரியும்? நான் சொல்லவே இல்லையே! ஆமா, அவங்கள மெஷினு வாங்காது. டொய்ங்னு ஒரு சத்தம், தேதி செல்லாதுன்னு ஒரு வரி. அவ்ளோதான். அவங்களுக்கு ஏதோ பெரிய தோஷம் சார், மெஷினே தொட மாட்டேங்குது. நான் ஒண்ணும் பண்ண முடியாது, பரிகாரம் பண்ணிட்டு வாங்கம்மான்னு அனுப்சிருவேன். பாவம், அழுதுக்கினே போவாங்க. பரிகாரம் பண்ணிட்டு திரும்பி வந்தாலும் டொய்ங்! நம்ம மோகனுக்குக் கூட அதேதான். பத்தொம்பதாந்தேதி பொறந்தவன். தங்கமான பையன் சார், ஒரு நாளு லேட்டு கெடையாது, எனக்குத் தூரத்து ஒறவு வேற. அவங்கம்மா தட்டெடுத்துக்கினு வந்து, கலைமணியக் குடுங்கண்ணேன்னு கேட்டாங்க. அவங்க கண்ணு முன்னாலயே அடிச்சேன். டொய்ங். உங்க புள்ளைய மெஷினே ஏத்துக்கலம்மான்னுட்டேன்.

கலைமணிக்கு அவன் மேல ஒரு இது... எனக்குத் தெரியாம இல்ல சார். வூட்ல வந்து சொன்னேன். சரி நைனான்னா. சண்ட போடல, ஒண்ணும் பண்ணல. ஆனா அன்னிலேர்ந்து, ஷிஃப்டு முடிஞ்சி போனா, சாப்ட்டியா நைனான்னு கேப்பா பாருங்க, அத்த நிறுத்திட்டா. எனக்கு மனசே ஆறல. இருந்தாலும் மெஷின் சொல்லிட்ட பிற்பாடு பெத்தவன் இன்னா சார் பண்ணுவான்?

இருங்க, இருங்க. மெதுவா சொல்லுங்க. இந்த மெஷின் செஞ்சவன் அமெரிக்காகாரன். சரி. அவன் மாசத்த முன்னாடி எழுதுவான், தேதிய பின்னாடி எழுதுவான்... ஏன் சார்? அவனுக்கு இன்னா கேடு? அப்ப நான் கலைமணிக்கு அஞ்சு, எட்டுன்னு அடிச்சேனே, ஆகஸ்டு அஞ்சுக்கு... அது மே எட்டுன்னு எடுத்துக்கிச்சா? மூணு வருசமா? எல்லாருக்குமா! அப்ப மோகன் பத்தொம்போது... பத்தொம்பதாவது மாசம் எங்கடா கீதுன்னுதான் கத்திச்சா? ஐயோ... தோஷமே இல்லையா சார்? எத்தினி பொண்ணுங்கள சார் நான் பரிகாரத்துக்கு அனுப்சேன்! ராஜாமணி எவனோட நட்சத்திரத்துக்கோ அர்ச்சன பண்ணிக்கினு கீறானே!

பாத்தீங்களா இந்தப் பழைய டாஸு பண்ண வேலைய? கூட இருந்தே குழி பறிச்சிடுச்சே! இத்தயா நான் தூக்கி வெச்சிக்கினு ஆடினேன்... இன்னாது? அது தப்பு பண்ணலையா? மெஷின கொண்டாந்து வெச்ச இன்ஜினியர், நம்ம ஊரு வழக்கப்படி தேதிய எடுத்துக்கன்னு ஒரு வரி எழுதி வெச்சிருப்பாரா? கன்ட்ரின்னு ஆரம்பிக்குமா? சுபஸ்ரீ புது டாஸுல செட் பண்ணேன்னு சொன்னது அத்தத்தானா?

...அந்த வரி இருந்துது சார். இப்ப இல்ல.

நான்தான் அழிச்சேன். வந்த மறுமாசமே. கோச்சிக்காதீங்க. நாம கீறது ஒரே நாடு, தெனம் காலைல மெஷினுக்கு எதுக்கு அத்த சொல்லிக்கினு, எடத்த அடைக்குதேன்னு அழிச்சேன். அழிச்சப்புறம் வேகமா ஓடற மாதிரி கூட இருந்துது. மேனேஜராண்ட சொல்லிடாதீங்க சார். உங்க காலப் புடிச்சிக்கறேன், நாலு ஊர்ல எவன் காதுக்கும் போவக்கூடாது. வூட்டையே கொளுத்திருவானுங்க.

சரி. நடந்தது நடந்துபோச்சு. அந்தப் புது டாஸ எடுங்க. போடுங்க சார், நானே சொல்றேன், போடுங்க! ஒத்துவரும்னே எழுதிக்கோங்க. மொதல்ல எனக்கு ஒரே ஒரு ஜாதகம் பாக்கணும். ரயில்வேகாரனுக்கு மூணுதான், அவங்களாண்ட நானே போய் கையக் கட்டிக்கினு நின்னு சொல்லிக்கறேன், திட்டினா திட்டட்டும். வெள்ளிக்கெழமைக்கு வாங்கின பழம் வெத்தலைய மோகன் வூட்டுக்குக் கொண்டுபோறேன். அவன் செகண்ட் ஷிஃப்டு, இப்ப வர்ற நேரந்தான். எம்பொண்ணு மூஞ்சில சிரிப்ப பாத்து நாளாச்சு சார்... அடிங்க. கலைமணி, அஞ்சு, எட்டு, எழுவத்தொண்ணு. மோகன், பத்தொம்போது... பாத்தீங்களா, டொய்ங் வரல! கம்முனு வாங்கிக்கிச்சு! மகராசன் சார் நீங்க. பிரிண்டர தட்டுங்க, அது தட்டினாத்தான் ஓடும். வருது, வருது...

ரெண்டா?

பத்துக்கு ரெண்டா? கண்ணாடிய குடுங்க சார். ரெண்டுதான். ரயில்வேகாரனுக்கே மூணு குடுத்துதே இது!... இன்னொரு தபா அடிங்க. ரெண்டு. பழைய டாஸுல அந்த வரிய திரும்ப எழுதினா? அதுலயும் இதே ரெண்டுதான் வருமா? நெசமாவா? ஒண்ணு கூட ஏறாதா? அவன் பத்து பொருத்தமும் இருக்கற பையன் சார், நான் பாக்கறேனே தெனம்! மெஷினுக்கு இன்னா தெரியும்? எம்பொண்ணு எனக்குத் தெரியாதா?

இருங்க, எங்க கெளம்பறீங்க? ரிப்போர்ட்ட எழுதிட்டீங்க, சரி. பஸ்ஸு அடுத்தது வரும் சார். ஒலகத்துல இந்த ரெண்டு டாஸுதானா கீது? வேற எவனும் செய்யலையா? செலவு ஆனா ஆவட்டும், மேனேஜராண்ட நான் பேசிக்கறேன், மெஷினயே மாத்தச் சொல்றேன். சார்! செருப்ப அப்பறம் மாட்டலாம் சார்! மோகனுக்குப் பத்து காட்டற டாஸு எங்க விக்குதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க சார்!