மூத்தவனுக்கு முன்பாகம்

ஓய்வு பெற்றவனுக்குக் கம்ப்யூட்டர் நல்ல துணை. எதிர்த்துப் பேசாது. ஏடாகூடமாக எதையாவது செய்யப் போனால் 'நிச்சயமா?' என்று மரியாதையாக ஒரு தடவை கேட்கும். ஆமாம் என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் குத்திக் காட்டாது. எங்கள் வீட்டில் இந்தக் குணம் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. அண்ணனுக்குச் சுத்தமாக இல்லை.

அண்ணன் காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் கூறியவர். அவர் தக்காளிக்கு விலை சொன்னால் நாலு தெரு தள்ளி இருக்கும் கோழி முட்டையைப் பாதியில் நிறுத்தும் என்று நான் சொல்வதுண்டு. கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் அவர் கீழே குளியலறையில் இருமினால் மாடியில் என் மேஜைமேல் இருக்கும் டம்ளர் நகரும். இது உண்மை, அல்லது உண்மைக்குப் பக்கத்து வீடு. நான் மின் கட்டண அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து காலம் தள்ளியவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன்.

அண்ணன் என்னைக் கூப்பிடும் பெயர் 'அரைவேக்காடு'. ஆபீசில் எனக்குப் பிரிவு உபசாரம் நடந்தபோது, மேலதிகாரிகளுக்கு நடுவில் எழுந்து நின்று, "எங்க அரைவேக்காடு ரிட்டையர் ஆனதுல உங்களுக்கு நிம்மதி, இனிமே எங்க கதிதான் என்னன்னு தெரியல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லோரையும்விடச் சத்தமாகவே சிரித்தேன்.

அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டால் உயிர் தங்கும், பேச்சு தங்காது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒரு வழி சொன்னார். ஆபரேஷனுக்கு முன்பே அண்ணன் நிறைய வாக்கியங்களைத் தன் குரலில் பதிவு செய்து வைக்க வேண்டும். பிறகு அவர் எதை டைப் செய்தாலும் ஒரு கருவி அதை அவர் குரலிலேயே பேசும். அரைகுறையாகத்தான் இருக்குமாம். ஆனாலும் அவர் குரல்.

பதிவு என் அறையில், என் கம்ப்யூட்டரில் நடந்தது.

"நீ வெளில போ. நீ இருந்தா எனக்குப் பேச்சு வராது" என்றார் அண்ணன்.

"பேச்சு வராமப் போறதுனாலதானே இந்தக் கூத்தெல்லாம்" என்றேன்.

அண்ணி என்னை முறைத்தார். அண்ணன் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். தினமும் நான் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே அவர் குரல் கம்மிக்கொண்டே வந்தது.

இங்கே நான் கம்ப்யூட்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் புதிய இயங்குதளம் ஒன்றை நான்தான் ஏற்றியிருந்தேன். டிஸ்க்கை எப்படிப் பிரிக்கட்டும் என்று அது கேட்டபோது, பிரிவினை எதற்கு என்று முழுவதையும் ஒரே பாகமாகக் கொடுத்துவிட்டேன். சோம்பேறித்தனம்தான். பயிற்சி அம்மா, பதிவுகளைப் பத்திரமாகத் தனியே வையுங்கள் என்று சொன்னதும் அண்ணன் மாடி ஏறி வந்தார்.

"எனக்குத் தனி பாகம் பிரிச்சுக் குடுடா. நீ தினம் ஒண்ண ஏத்துற, ஒண்ண அழிக்கிற. உன் குப்பையோட என் குரலும் போயிடக் கூடாது."

நியாயமான பயம். ஆனால் ஏற்றி முடித்த பிறகு பாகம் பிரிப்பது லேசான காரியமில்லை. இருக்கும் பாகத்தைச் சுருக்கச் சொன்னால் அதற்கான பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். படுத்திருக்கும் பாயைச் சுருட்ட முடியாது, எழுந்து நின்றால்தான் முடியும். அதுபோலக் கம்ப்யூட்டரைப் பென் டிரைவிலிருந்து எழுப்பி, வெளியே நின்றுகொண்டுதான் டிஸ்க்கில் கை வைக்க வேண்டும். வால் பக்கம் கொஞ்சம் இடம் வெட்டித் தருகிறேன், அதுதான் சுலபம் என்று விளக்கினேன்.

"வாலா? மூத்தவன் வாலுல கிடக்கணுமா? முன்னாடி குடு."

"முன்னாடி வேணும்னா இருக்கிற மொத்தத்தையும் பின்னாடி நகத்தணும் அண்ணே. நடுவுல கரண்ட் போனா எல்லாமே போச்சு."

"நகத்து. அப்பா வீட்டப் பிரிச்சப்பவும் எனக்கு முன்பக்கம்தான்."

"கம்ப்யூட்டருக்குள்ள வாசப்படியா கட்டப் போறீங்க?" என்று கீழேயிருந்து அண்ணி கத்தினார்.

அண்ணன் பிடித்த பிடியை விடவில்லை. மறுநாள் காலையில் அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். நான் முதலில் பதிவுகள் அனைத்தையும் வேறொரு டிரைவில் பிரதி எடுத்தேன். அப்புறம் நகர்த்தச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். பாதி நாள் போயிற்று. கரண்ட் போகவில்லை. ஒரு பிழையும் வரவில்லை. மூத்தவருக்கு முன்பாகம் தயார். பதிவுகளும் அப்படியே இருந்தன. ஒன்றே ஒன்று, பாகங்கள் இடம் மாறியதால் கம்ப்யூட்டர் தான் கிளம்ப வேண்டிய இடத்தை மறந்து, கறுப்புத் திரையில் ஒற்றை வரியுடன் நின்றது. வழக்கமாக வருவதுதான். டீ ஆறுவதற்குள் சரிசெய்துவிடலாம்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்தார். திரையைப் பார்த்தார்.

"கெடுத்துட்டியா? எனக்குத் தெரியும்டா, அரைவேக்காடு."

"ஆமாண்ணே. எல்லாம் போயிடுச்சு" என்றேன்.

ஒரு திட்டுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தன் கழுத்தைத் தடவிக்கொண்டார். என் அண்ணன் என்னிடம் தோற்று உட்கார்ந்ததை நான் அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். மறைக்கப் போவதில்லை, அது எனக்கு இனித்தது.

சாயங்காலம் வரை தவிக்கவிட்டுப் பிறகு பிரதியைக் கொடுக்கலாம் என்பதுதான் திட்டம். சும்மா ஒரு விளையாட்டு. விவரம் தெரிந்த எவனையாவது கூட்டி வந்து மீட்டுவிடப் போகிறாரே என்று, முழு டிஸ்க்கையும் துடைத்துப் போட்டேன். நிச்சயமா என்று கேட்டது. ஆமாம் என்றேன். கீழே அண்ணி தன் போனை நீட்டிப் பிடிக்க, அண்ணன் மறுபடி பதிவு செய்யப் பார்த்தார். நாலைந்து வார்த்தைக்குமேல் இருமல் விடவில்லை.

நான் மேலே பிரதியைச் சரிபார்க்க இயர்போனை மாட்டினேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்கியங்கள் வந்தன. தண்ணீர் வேண்டும், வலிக்கிறது, ஜன்னலைத் திறங்கள். அவை முடிந்த பிறகு அவராகச் சேர்த்தவை வந்தன. அண்ணிக்கு ஒன்று: "உப்பு கம்மி, காரம் ஜாஸ்தின்னு நான் சொன்னதெல்லாம் சும்மா. உன் கை சமையல் மாதிரி நான் எங்கயும் சாப்பிட்டதில்ல." அடுத்து எனக்கு: "தம்பி, சாப்ட்டியா? தம்பி, நீ மேல இருக்கேன்னுதான் நான் கீழ பயமில்லாமத் தூங்குறேன்."

அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டேன். சாயங்காலம் போய்விட்டது. காலையில் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

இப்போது அவர் டைப் செய்தால், கருவியிலிருந்து யாரோ ஒரு இளைஞன் ரயில் வருகையை அறிவிக்கும் தொனியில் பேசுகிறான். "வீட்டுக்குள்ள வேத்தாள் நடமாடுற மாதிரி இருக்கு" என்று அண்ணி அடுப்படிக்குப் போய்விடுகிறார். அவர் பரிமாறும்போது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஒருநாள் அண்ணன் என்னை உட்கார வைத்து வெகுநேரம் டைப் செய்தார். அந்த இளைஞன் வாசித்தான்: "தப்பு உன்மேல இல்ல. முன்னாடிதான் வேணும்னு அடம்பிடிச்சது நான். நீ மனசுல வச்சுக்காத."

"விடுண்ணே" என்றேன்.

அந்த டிரைவ் என் சட்டைகளுக்கு அடியில் இருக்கிறது. மதியம் அவர்கள் கண்ணயர்ந்ததும் எடுத்துக் கேட்கிறேன். திருட்டு என்று நீங்கள் சொல்லலாம். நான் பாதுகாக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன். கருவியில் ஏற்றினால் அந்தக் குரல் மறுபடியும் அரைவேக்காடு என்று ஆரம்பித்துவிடும். இங்கே என்னிடம் அது பண்பாக இருக்கிறது. அதற்காக நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. அண்ணன் தன் வாயால் ஒரே ஒரு தடவை கேட்டால் போதும், அந்த நிமிஷமே கொடுத்துவிடுவேன்.