மூணு கட்டம் வலது, நாலு கட்டம் மேல

"அந்தப் புள்ளி மட்டும் இல்லன்னா நான் பாஸுடி"ன்னு உன் கடை வாசல்ல ஒரு பொண்ணு சொல்லுதும்மா. படியேறும்போது என் காதுலயே விழுந்துச்சு. என்னைப் பார்த்ததும் கப்புனு வாயை மூடிக்கிச்சு. சரி, அந்தப் புள்ளி எங்கேருந்து வந்துச்சு? உன் ஜெராக்ஸ் மெஷின்லேருந்து வந்துச்சு. அதைக் கேக்கத்தான் ஸ்கூல் விட்டதும் நேரா இங்க வந்து நிக்கறேன், வாயில ஒரு வாய் காப்பி கூட ஊத்தல.

இரு, இரு, நீ எதுவும் சொல்லாத. முதல்ல நான் சொல்லிடறேன். அந்த ஃபேனைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பும்மா... ஆங், அப்படி. இந்த மெஷின் விடற சூட்டுல எப்படித்தான் நாள் பூரா உக்காந்திருக்கியோ.

இந்தா, இது பரீட்சைக்கு நீ எடுத்துக் குடுத்த காப்பி. இந்த வளைகோட்டைப் பாரு, நான் கையால வரைஞ்சது. ஸ்கேல், கீல் ஒண்ணும் கிடையாது. கணக்கு என்னன்னா, இந்தக் கோட்டைப் பார்த்து இதோட சமன்பாட்டைக் கண்டுபிடிக்கணும். பயப்படாத, சுலபந்தான். இந்தப் படுத்திருக்கற அச்சு இருக்குல்ல, இதை வாசப்படின்னு வெச்சுக்க. கோடு இங்க, மைனஸ் ஒண்ணுல, படியைத் தாண்டி நேரா உள்ள வந்துடுது. அப்ப எக்ஸ் ப்ளஸ் ஒண்ணு. இங்க ரெண்டுல பாரு, வருது, படியைத் தொடுது, "அப்புறமா வரேன்"னு திரும்பிப் போயிடுது. எங்க ஓரகத்தி மாதிரி. தொட்டுட்டுத் திரும்பினா எக்ஸ் மைனஸ் ரெண்டு, அதுக்கு வர்க்கம். ரெண்டையும் பெருக்கு. அவ்ளோதான், முக்காவாசி முடிஞ்சுது.

மிச்சம் கால்வாசி இருக்கு பாரு, அங்கதான் வினை. முன்னாடி ஒரு எண் போடணும். அடுப்புத் திருகு மாதிரிம்மா அது. அதே பால், அதே பாத்திரம், திருகைச் சின்னதா வெச்சா மெதுவா பொங்கும், பெருசா வெச்சா புஸ்ஸுனு பொங்கும். திருகு எவ்ளோன்னு தெரியணும்னா கோடு போற ஏதாவது ஒரு புள்ளி வேணும். நான் நினைச்சது இந்த நட்டுக்குத்தா நிக்கற அச்சை. ரெண்டாவது கட்டத்துல வெட்டுது, பளிச்சுனு தெரியுது. போட்டுப் பார்த்தா அரை வரும். அரை. இவளுங்க எல்லாரும் ஒண்ணுன்னு எழுதி வெச்சிருக்காளுங்க. வகுப்பு மொத்தமும். காப்பியடிச்சாளுங்களோன்னு பார்த்தா, முதல் பெஞ்சும் கடைசி பெஞ்சும் ஒருத்தியை ஒருத்தி பார்க்கவே முடியாது, ரெண்டும் ஒண்ணு.

ஏன்னு நேத்து சாயங்காலம் உக்காந்து பார்த்தேன். இங்க பாரு. மூணு கட்டம் வலது, நாலு கட்டம் மேல. கறுப்பா ஒரு புள்ளி. கோட்டை உரசிக்கிட்டு, கட்டத்தோட மூலையில, வெச்ச மாதிரி உக்காந்திருக்கு. இதைப் போட்டா ஒண்ணுதான் வரும். நான் இந்தப் புள்ளியை வெக்கவே இல்ல. இத்தனை வருஷத்துல என் கேள்வித்தாள்ல ஒரு தூசி கூட விழுந்தது கிடையாது.

இவளுங்க ஏன் அதைப் புடிச்சுக்கிட்டாளுங்கன்னு கேளு. நான்தான் சொல்லிக் குடுத்தேன். அழுத்தமா ஒரு புள்ளி இருந்தா அதை மட்டும் நம்பு, கோட்டைக் கண்ணால அளக்காத, கண்ணு ஏமாத்தும், புள்ளி ஏமாத்தாதுன்னு. தினமும் சொல்லுவேன். நல்ல பழக்கந்தானே? உன் மெஷின் இப்படிப் பண்ணும்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்?

விடை தப்புன்னா சைபர். அஞ்சு மார்க்குக்கு சைபர். ஸ்டெப்புக்கெல்லாம் மார்க் குடுக்கற வழக்கம் என்கிட்ட இல்ல. எங்க வீட்டுக்காரர் சொல்லுவாரு, சிரிச்சா கூட நீ மார்க் குறைச்சுடுவியேன்னு. அவரு பேச்சை விடு. அவருக்கு நான் என்ன பண்ணினாலும் குத்தம். ஃப்ரிட்ஜ் கதவுல பொட்டு, பீரோ கண்ணாடியில பொட்டு, டீவி ஓரத்துல பொட்டு, வீட்டுல எங்க திரும்பினாலும் நீ முறைச்சுப் பார்க்கற மாதிரியே இருக்கும்பாரு. என்னம்மா பண்றது, வேர்த்தா நெத்தி அரிக்குது, எடுத்துக் கைக்கு எட்டினதுல ஒட்டறேன். இப்ப பாரு, நெத்தி காலியா இருக்கு. காலையில எதுல ஒட்டினேனோ.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்... ஆங், சைபர். வாசல்ல பேசுச்சே அந்தப் பொண்ணு, அதை வகுப்புல முணுமுணுன்னு கூப்பிடுவாளுங்க. வாயைத் திறந்தா பக்கத்து பெஞ்சுக்குக் கேக்காது. அதுக்கு அந்த அஞ்சு மார்க்குதான் இடிக்குது. போன வாரம் பேப்பரைக் குடுத்தப்ப மேஜைகிட்ட வந்து நின்னு, "மிஸ், இங்க ஒரு புள்ளி இருக்கு"ன்னுச்சு. நான்... எனக்கு அன்னிக்குத் தலைவலி வேற. "கண்ணு தெரியலன்னா கண்ணாடி போடு, இல்லாத புள்ளியெல்லாம் என்கிட்ட காட்டாத"ன்னு சொல்லிட்டேன். எல்லாரும் கொல்லுனு சிரிச்சாளுங்க. அது போய் உக்காந்துடுச்சு.

இப்ப கணக்கே வேணாம், வேற பாடம் குடுங்கன்னு விண்ணப்பம் எழுதியிருக்காம். அதோட அம்மா கையெழுத்தும் போட்டுட்டாங்களாம். நாளைக்குக் காலையில ஹெட்மிஸ்ட்ரஸ் மேஜைக்குப் போயிடும், அவங்க சரின்னுட்டா முடிஞ்சுது. அதை நகல் எடுக்கத்தான் உன் கடைக்கு வந்திருக்கு. நான் உள்ள இருக்கேன்னு வெளியவே நிக்குது பாரு. அந்த வகுப்புல கணக்கை ரசிச்சுப் போடற பொண்ணு அது ஒண்ணுதான்மா. விடையைத் தேடாது, கோட்டையே பார்த்துக்கிட்டு இருக்கும். உன் மெஷினால ஒரு நல்ல பொண்ணு போச்சு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

என்ன பண்ற? மெஷின் கண்ணாடியைத் துடைக்கறியா? இப்பத் துடைச்சு என்ன பிரயோஜனம்? ...வெறும் தாளைக் காப்பி எடுக்கறியா? சரி, எடு, எடுத்துக் காட்டு.

ம்.

வெள்ளையாத்தான் வருது. அதனால? அன்னிக்கு அழுக்கா இருந்திருக்கும், இன்னிக்கு நான் வரேன்னு சுத்தமா இருக்கு. மெஷினுக்கும் ஆள் தெரியும். எங்க ஸ்கூல் மணி கூட இன்ஸ்பெக்ஷன் அன்னிக்குத்தான் நேரத்துக்கு அடிக்கும்.

அதே நாள் எடுத்த மத்த காப்பியா? யாரோடது இது, ஏதோ வீட்டுப் பத்திரம் மாதிரி இருக்கே. இதுலயும் புள்ளி இல்லையா... கொஞ்சம் வெளிச்சத்துல காட்டு. இல்லதான்.

ஒரிஜினலா? இருக்கு, என் ஃபைல்ல பத்திரமா இருக்கு. நீ திருப்பிக் குடுத்ததும் உள்ள வெச்சதுதான், திறந்தே பார்க்கல. எதுக்குப் பார்க்கணும்? வரைஞ்சது நான், எனக்குத் தெரியாதா என்ன வரைஞ்சேன்னு? சரி சரி, உன் திருப்திக்குக் காட்டறேன். உன் முகத்துல அடிச்ச மாதிரி வெள்ளையா இருக்கும் பாரு. மூணு கட்டம் வலது, நாலு கட்டம்...

இரு.

கண்ணாடி எங்க வெச்சேன்... பையில... இரு.

புள்ளி இதுலயே இருக்கு. பேனா மை இல்ல. பளபளன்னு இருக்கு.

நகத்தை வெக்காத. வெக்காதன்னேன். ஓரம் தூக்குது பாரு.

...ஆமாம்மா. கரண்ட் போயிடுச்சு அன்னிக்கு. சாப்பாட்டு மேஜையில உக்காந்து வரைஞ்சுக்கிட்டிருந்தேன், வேர்த்துக் கொட்டிச்சு. கைக்கு எட்டினது இந்தத் தாள்தான் போல.

கண்ணாடி போடுன்னேன் அதுகிட்ட.

சிரிக்கணும்னா சிரிச்சுடு, அடக்கிக்கிட்டு நிக்காத, மூஞ்சி செவக்குது. நான் உன்னை என்னவெல்லாம் சொன்னேன். உன் மெஷினையும்தான். அதுகிட்டயும் சொல்லிடு.

உரிக்க வேணாம். அப்படியே இருக்கட்டும், அப்படியே குடு. எட்டிப் பாரு, அந்தப் பொண்ணு இன்னும் நிக்குதா? நீ கூப்பிடாதம்மா. நான் போறேன்.

டீச்சர் கண்ணாடிக் கதவைத் தள்ளி வெளியே போய், தாளை அந்தப் பெண்ணின் முன் நீட்டினார். உரித்துப் பார் என்று மட்டும் சொன்னார். விண்ணப்பத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவள் நகத்தால் மெல்ல உரித்தாள், விரல் நுனியில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு எட்டி டீச்சரின் நெற்றியில், நடுவில், அதை ஒட்டினாள்.