நான்கு போல்ட்

ஃபைபர் வேலை செய்கிறவனுக்கு உடம்பு அரித்துக்கொண்டேதான் இருக்கும் சார். நான் கையைச் சொறிவதைப் பார்த்து, ஆள் பயந்திருக்கிறான் என்று எழுதிவிடாதீர்கள். கண்ணாடி இழைத் தூள் தோலுக்குள் இறங்கிவிட்டால் எந்த சோப்புக்கும் போகாது. பதினெட்டு வருடமாக எனக்கு இப்படித்தான்.

என் பெயர் சம்பங்கி. ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட் என்னுடையது. தண்ணீர்த் தொட்டி, கம்பெனி பஸ்ஸுக்கு பம்பர், எப்போதாவது ஒரு படகு. முத்துக்குமார் 2001-ல் என்னிடம் வேலைக்கு வந்தான். அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரன். நீச்சல் தெரியாது. நல்லவன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஷெட்டை விட்டு எந்தப் பொருள் போனாலும், ஒரு ரூபாய் நாணயத்தால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பான். உள்ளே நிறைந்திருந்தால் சத்தம் மந்தமாக வரும். காலியாக இருந்தால் கணீரென்று வரும். எங்கள் தொழிலில் எல்லோரும் தட்டுவோம். அவன் காது மட்டும் ஒருநாளும் தப்பியதில்லை. அவன் தட்டிச் சரி சொன்னால்தான் வண்டியில் ஏற்றுவோம்.

இரண்டு வருடத்தில், வருகிறவர்கள் என் தோளுக்கு மேலாக ஷெட்டுக்குள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். "முத்து இல்லீங்களா?" என்பார்கள். கன்னடக்காரர் வந்தால் "முத்து இல்வா?" தெலுங்குக்காரர் வந்தால் "முத்து லேரா?" எனக்கு மூன்று மொழியும் தெரியும் சார். தெரியாமல் இருந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

போன தையில் நவீன்குமார் வந்தார். சூளகிரிப் பக்கம், ஏரிக்கரையில் சொந்த இடத்தில் ரிசார்ட் கட்டுகிறவர். ஆறு பேர் உட்காருகிற படகு கேட்டிருந்தார். நான்தான் வார்த்தேன். படகு தயாரான பிறகு அதில் பாட்டுக்கு சப்வூஃபர் ஸ்பீக்கர் வேண்டும் என்றார்.

"கார்ல வெச்சா எப்படி அதிருது? அந்த மாதிரி நெஞ்சு அதிரணும் முத்து. பின்சீட்டுக்கு அடியில பொட்டி சும்மாதானே கெடக்குது, அதுல வெச்சிரு."

"சும்மா கெடக்கல சார், அது பூராம் நுரை அடைச்சிருக்கு. படகுக்குள்ள தண்ணி ஏறுனாலும் முங்கவிடாமத் தூக்கிப் பிடிக்கிறது அதுதான். தனியா ஒரு பெட்டி செஞ்சு மேல வைப்போம்."

"நீ சொன்னா சரி முத்து."

படகை வார்த்தவன் நான். அச்சு என்னுடையது. நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். நவீன்குமார் ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஊர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு முத்து ஊருக்குப் போனான். "வந்து மாட்டிக்கிறேண்ணே, நீங்க செரமப்படாதீங்க" என்றான். அக்கறையாகத்தான் சொன்னான். எனக்கு அது அப்படிக் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் பின்சீட்டின் பலகையை அறுத்தேன். உள்ளே இருந்த நுரையைச் சுரண்டி மூன்று கோணிப்பையில் கட்டினேன். சப்வூஃபர் கச்சிதமாக உட்கார்ந்தது. அதை நிறுத்த நான்கு போல்ட் வேண்டும். முதல் போல்ட்டுக்குத் துளை போட்டபோது டிரில் கை தவறி, படகின் அடியையும் துளைத்துவிட்டது. அது தவறுதான். மற்ற மூன்று துளைகளும் அப்படியல்ல.

துளைகளை அடியில் புட்டிப் பசை வைத்து அடைத்தேன். இதற்குக் கண்ணாடி இழை மேட் வைத்து, ரெசின் ஊற்றி, இரண்டு அடுக்காவது போட வேண்டும். வெறும் புட்டி நிற்கும், ஆனால் அதிர்வு தாங்காது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் நாங்கள் கற்றுக்கொடுப்பது இதைத்தான். தேய்த்துப் பெயின்ட் அடித்த பிறகு எனக்கே இடம் தெரியவில்லை. சுத்தமான வேலை.

முத்து வந்தான். சப்வூஃபரைப் பார்த்ததும் முகம் மாறியது. "நுரையை என்னண்ணே பண்ணுனீங்க?" என்றான். சுற்றிலும் புதிதாக ஊற்றியிருக்கிறேன் என்றேன். அவன் சட்டைப் பையிலிருந்து நாணயத்தை எடுத்தான்.

நான் பாட்டைப் போட்டேன்.

ஷெட்டின் தகரம் முழுக்க அதிர்ந்தது. முத்து குனிந்து தட்டினான். நின்றான். மறுபடியும் தட்டினான். "அண்ணே, ஒரு நிமிசம் பாட்டை நிறுத்துங்க" என்று வாயசைத்தான். எனக்குக் கேட்காத மாதிரி நின்றேன். படகை எடுத்துப்போக வந்திருந்த நவீன்குமார் அவன் தோளைப் பிடித்துக் குலுக்கி, "உங்க அண்ணன் செஞ்சத நீ சந்தேகப்படலாமா?" என்று சிரித்தார். முத்து என்னைப் பார்த்தான். பிறகு அவனும் சிரித்து, நாணயத்தைப் பையில் போட்டுக்கொண்டான். அவன் தட்டிச் சரி சொல்லாமல் ஷெட்டை விட்டுப் போன ஒரே பொருள் அதுதான்.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. படகு தண்ணீரில் இறங்கும்போது, வேலை செய்தவன் முதல் சுற்று அதில் போக வேண்டும். நியாயமாக நான் ஏறியிருக்க வேண்டும். ஆனால் பூசை முடிந்ததும் நவீன்குமாரின் அப்பா கிருஷ்ணப்பன், "முத்து எல்லி? முத்துவ கூப்பிடு" என்றார். எழுபது வயதுக்காரர். பட்டு வேட்டி கட்டியிருந்தார். மகன் ஓட்ட, அவரும் முத்துவும் ஏறினார்கள். நான் யாரையும் தள்ளிவிடவில்லை சார். அவர்களே கூப்பிட்டார்கள்.

படகு நடு ஏரிக்குப் போகிற வரைக்கும் பாட்டு கேட்டது. கரையில் என் கால் வரைக்கும் அந்த அதிர்வு வந்தது. பிறகு பாட்டு நின்றது. முத்துதான் நிறுத்தினான். அவன் பின்சீட்டுக்குப் பக்கத்தில் மண்டியிட்டுக் குனிவது தெரிந்தது. நாணயத்தால் தட்டியிருப்பான். அதன் பிறகு நிமிர்ந்து கரையைப் பார்த்தான். என்னைத்தான் பார்த்தான். நான் கையசைத்தேன்.

பின்பக்கம் இறங்கியது. எஞ்சின் கனம் வேறு. சத்தமே இல்லாமல் படகு மூழ்கிப்போனது. நவீன்குமார் நீந்தி வந்தார். மற்ற இருவரையும் சாயங்காலம் எடுத்தார்கள்.

துளை போட்டது நான். நுரையை எடுத்தது நான். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. ஆனால் ஒன்றை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். உயிர் போக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. படகு கொஞ்சம் ஒழுக வேண்டும், நாலு பேர் முன்னால் அவன் பெயர் கெட வேண்டும், அவ்வளவுதான். தெரிந்தே ஆளைக் கொல்கிற மனசு எனக்கில்லை.

என் மனைவி தங்கமணி உங்களிடம் வளையல் துண்டுகளைக் கொடுத்திருக்கிறாள் போலிருக்கிறது. மேசையில் பார்த்தேன். ஆமாம், அவளும் படகில் ஏற ஆசைப்பட்டாள், ஒரு காலை வைத்தும்விட்டாள். நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன். கொஞ்சம் வேகமாக இழுத்துவிட்டேன், வளையல் உடைந்து மணிக்கட்டில் ரத்தம் வந்தது. படகில் எடை கூடிவிடும் என்றுதான் இழுத்தேன்.

ஆறு பேர் உட்காருகிற படகில் அப்போது மூன்று பேர்தான் இருந்தார்கள் என்கிறீர்கள். நான் எண்ணிப் பார்க்கவில்லை சார்.