இடது காலுக்கு ஒரு கட்டம்

– வேண்டாம் அத்தான். உங்க கடைக்கு டெம்ப்ளேட் வெப்சைட்டே தாராளம். ரெடிமேடா வாங்கி, பேரு, படம், விலை மாத்திப் போட்டா முடிஞ்சுது. மொதல்ல இருந்து உக்காந்து கட்டுறதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான்.

– மச்சான், இந்தக் கடைல ரெடிமேட் ஷூ ஒண்ணே ஒண்ணு காட்டு பாப்போம். ஒரு காலு பெருசு, ஒரு காலு சிறுசு, எங்க போனாலும் ஜோடி கிடைக்கலன்னுதானே நம்மகிட்ட வர்றாங்க? காகிதத்து மேல நிக்க வச்சு, பென்சில்ல சுத்தி வரைஞ்சு, இடது தனி வலது தனின்னு தைக்கிறவன் நான். எனக்குப் போய் ரெடிமேட் வெப்சைட்டா?

– வெப்சைட்டுக்கு ஏது அத்தான் காலு? சாயங்காலத்துக்குள்ள முடிச்சு உங்க கைல குடுத்துட்டு, நாளைக்குக் காலைல நிம்மதியா ரயில் ஏறிடுவேன்.

– சாயங்காலத்துக்குள்ள முடியற வேலை எனக்கு வேண்டாம்.

– ஏன்?

– ஏன்னா... ஏன்னா, உள்ள வந்ததும் கதவு சத்தம் கேக்கணும். நம்ம கடைக் கதவு மாதிரியே. கிறீச்னு.

– அந்தக் கதவுக்கு எண்ணெய் விடுங்கன்னு அக்கா மூணு வருஷமா கத்திக்கிட்டு இருக்கா.

– அப்புறம் பூனை. இந்தா, தோல் கட்டு மேல தூங்குதே, இது வெப்சைட்ல இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரத்துக்கு நடக்கணும். வாலத் தூக்கிக்கிட்டு.

– பூனை நடக்கறதுக்கே மூணு வாரம் ஆகும்.

– ஆகட்டுமே! யாரு உன்னை அவசரப்படுத்தினா? நடந்து முடிச்சு, திரும்பியும் வரட்டும்.

– அத்தான், எனக்குப் புரியாமலா இருக்கு? வேலை போய் அஞ்சு மாசம் ஆச்சு. உங்க மாடி ரூம்ல படுத்துக்கிட்டு, உங்க வீட்டுச் சாப்பாட்ட சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். முகம் சுளிச்சு ஒரு வார்த்தை சொன்னதில்ல நீங்க. சொல்லியிருந்தாக்கூடத் தேவலை. இப்ப கதவு கத்தணும், பூனை நடக்கணும்னு இல்லாத வேலைய உண்டு பண்றீங்க.

– பின்ன? பதினோரு வருஷம் கம்ப்யூட்டர்ல குப்பை கொட்டினவன், எங்கயோ ஒரு கிடங்குல போய்ப் பெட்டி தூக்கறேங்கற. உன் முதுகு தாங்குமா?

– தூக்க வேண்டாம். லாரில சரியா ஏறுதான்னு பாத்து டிக் அடிச்சாப் போதும்.

– அது அதைவிடக் கொடுமை. இங்க பாருடா, எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது. நீ போகாத. அவ்வளவுதான். உங்க அக்கா ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல. நானும்தான்.

– காலைல மூணு தரம் கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டீங்களே!

– அது கவலைல சாப்பிட்டது. கணக்குல சேராது.

– சிரிக்க வைக்காதீங்க அத்தான். எனக்கும் போக இஷ்டமில்லதான். உங்க ரெண்டு பேரையும் விட்டா எனக்கு யாரு? ஆனா இரக்கப்பட்டுக் குடுக்கற வேலைய வாங்கிக்க மனசு வரல. நெஜமாவே என் வேலை இங்க தேவைன்னா சொல்லுங்க, அடிச்சு வெரட்டினாலும் போக மாட்டேன். இப்ப அந்தப் பசை டப்பாவைத் தள்ளி வைங்க, லேப்டாப்புல கொட்டப் போகுது. மொதல்ல கடை பேர்ல ஒரு வெப்சைட் அட்ரஸ் எடுப்போம்... என்னது இது?

– என்னாச்சு?

– இந்தப் பேரை யாரோ ஏற்கெனவே எடுத்துட்டாங்க.

– எவன்டா அவன்? என் கடை பேரை!

– இருங்க, திறந்து பாக்கறேன்... அத்தான், இது உங்க முதுகு.

– என் முதுகா?

– குனிஞ்சு தச்சுக்கிட்டு இருக்கீங்க. பக்கத்துல பூனை. கீழ 'ஆர்டர் செய்ய'ன்னு பட்டன். அக்கா! அக்கா, கொஞ்சம் கடைப் பக்கம் வா!

– என்னடா கூப்பாடு? நாடா கோத்துக்கிட்டு இருந்தேன், பாதில விட்டுட்டு வந்திருக்கேன்.

– இது யாரு செஞ்சது?

– அய்யய்யோ, மாட்டிக்கிட்டேனா? நான்தான்டா. போன்லயே செஞ்சேன், டெம்ப்ளேட்தான். ரெண்டு மாசம் ஆச்சு.

– ரெண்டு மாசமா என் முதுகை ஊருக்கே காட்டிக்கிட்டு இருக்கியா நீ?

– முகத்தைக் காட்டலாம்னுதான் பாத்தேன். நீங்க எங்க சிரிச்சீங்க? உங்ககிட்ட சொல்லவும் பயம். உங்க மச்சான்தான் செய்யணும்னு ஒத்தக் கால்ல நின்னீங்க. இவனோ வேலை போன துக்கத்துல லேப்டாப்பைத் தொடவே இல்ல. கேக்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?

– அப்ப போன்ல வந்ததுன்னு நீ சொன்ன ஆர்டரெல்லாம்?

– போன்ல பேசினது நெஜம். ஆனா அவங்க கூப்பிடல, நான்தான் கூப்பிட்டேன். இந்தப் பாழாப்போன டெம்ப்ளேட்ல சைஸ் கேக்க ஒரே ஒரு கட்டம்தான் இருக்கு. ஜோடிக்கு ஒரு சைஸாம்! ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு, 'ஐயா, நீங்க போட்ட சைஸ் வலது காலா, இடது காலா? இன்னொண்ணு என்ன?'ன்னு கேட்டுக் கேட்டு எனக்குத் தொண்டை தண்ணி வத்திப் போச்சு.

– இரு, இரு. போன மாசம் ஒரு பார்சல் திரும்பி வந்துச்சே, ரெண்டும் பெரிய சைஸா...

– அவரு போனை எடுக்கவே இல்லங்க. நான் குத்துமதிப்பா எழுதிட்டேன்.

– அடிப்பாவி! என் கைதான் தப்பு பண்ணிடுச்சுன்னு, கண்ணு மங்கிடுச்சுன்னு, கண்ணாடி வேற மாத்தினேன்!

– புதுக் கண்ணாடி உங்களுக்கு எடுப்பாத்தான் இருக்கு.

– அக்கா, அப்ப நெஜமாவே டெம்ப்ளேட் பத்தலையா?

– பத்தலடா. நான் என்ன கதையா சொல்றேன்? வேணும்னா இந்த நோட்டைப் பாரு. நூத்திச் சொச்சம் பேரு, ஒவ்வொருத்தருக்கும் ஒரு போன்.

– கேட்டியா மச்சான்? நான் ஒண்ணு சொன்னா பூனை, கதவுன்னு கிண்டல் பண்ணினியே. இடது காலுக்குக் கட்டம் இல்லாத வெப்சைட்ட வச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது? இது இரக்கமா? சொல்லு, இரக்கமா?

– இல்ல அத்தான். இது வேலைதான். சரி, அந்தக் கிடங்குக்காரருக்குப் போன் பண்ணி வரலன்னு சொல்லிடறேன்.

– சொல்லு! இப்பவே சொல்லு! நான் போய் உன் பெட்டியப் பரண்ல ஏத்திட்டு வர்றேன். நீ மனசு மாறுறதுக்குள்ள.

– மெதுவா ஏறுங்க, ஏணி ஆடும்!... போறதைப் பாரு, பந்தயத்துக்கு ஓடற மாதிரி. என்னடா, போன் பண்ணாம லேப்டாப்புல என்ன தேடற?

– ஒண்ணுமில்லக்கா. நீ எடுத்த அந்த டெம்ப்ளேட்டைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். எங்க என்ன மாத்தணும்னு.

– ம்.

– அக்கா, உன்கிட்ட மறைச்சா எனக்குச் சாப்பாடு எறங்காது. அத்தான் வர்றதுக்குள்ள சொல்லிடறேன். இந்த டெம்ப்ளேட்லயே ரெண்டாவது கட்டம் போட்டுக்க வழி இருக்கு. பத்து நிமிஷம்கூட ஆகாது. எனக்கு இங்க வேலையே இல்ல.

– தெரியும்டா. போன வாரமே போட்டேன், அருமையா வேலை செஞ்சுது. நீ பரண்ல இருந்து பெட்டிய எறக்கினே பாரு, அன்னைக்குத்தான் அந்தக் கட்டத்தை எடுத்துட்டு, மறுபடியும் எல்லாருக்கும் போன் பண்ண ஆரம்பிச்சேன்.