சார்ஜருக்கு இடமில்லை

ஆரணியில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள், வேலூரில் வாங்கிய புது லேப்டாப்பை அதே கடையில் மாற்றப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டே ரெண்டு போர்ட்டு கீது அக்கா, சார்ஜரும் அதுலதான் சொருவணும். பாட்டு வாசிக்கற சின்ன கீபோர்டுக்கு ஒண்ணு, மைக்குக்கு ஒண்ணு. சார்ஜர என் தலையிலயா சொருவறது?"

"பழசுல நாலு இருந்துச்சே!"

"அதுல பேட்டரி நிக்கலையே. இது அஞ்சு மணி நேரம் நிக்குது."

"சர்ச் பாட்ட எப்போ ரெக்கார்டு பண்ணப் போற?"

"நாளைக்குக் காலைல, கரண்டு நிறுத்தறப்போ. மத்த நேரத்துல பக்கத்து வீட்டு விசைத்தறி ஓடிகினே கீது. பாட்டு முழுக்க அந்தச் சத்தந்தான்."

"கரண்டே இல்லாதப்போ சார்ஜர் எதுக்குடி?"

லேப்டாப்காரி எழுந்தாள்.

"கண்டக்டர் அண்ணே, அடுத்த ஸ்டாப்புல நிறுத்துங்க. நாங்க வேலூர் போவல."